உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு: அது அடுப்புக் கரி இல்லை

வயலில் கிடைத்த பானை ஓட்டில் இருக்கும் கறுப்பு சமைத்த கரியா என்று கேட்டிருந்தீர்கள். அது சமைத்த கரி இல்லை அண்ணாச்சி. அடுப்புக் கரி பானையின் அடியிலும் வெளிப்பக்கத்திலும்தான் பிடிக்கும். உங்கள் வயல் ஓட்டில் உள்பக்கமும் வாயோரமும் கறுப்பு, வெளியே சிவப்பு, நாரால் தேய்த்தும் போகவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் கருப்பு-சிவப்புப் பானை என்ற பழங்கால வகையின் ஓடுதான்.

காரணம் சூளையில் இருக்கிறது. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்று போகாது, புகையின் கரி மண்ணில் இறங்கிக் கறுக்கும். காற்றுப் பட்ட வெளிப்பக்கத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். இரண்டு முறை சுட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்குக் கவிழ்த்த கணக்கே சரியாகப் படுகிறது.

உடைந்த விளிம்பை வெயிலில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கக் கறுப்பு ஓட்டின் கனத்துக்குள்ளும் இறங்கியிருந்தால் சூளை வேலை. மேலே மெல்லிய படலம் மட்டும் என்றால் கரியோ பூச்சோ. நடுவில் மட்டும் கறுத்து இரு பக்கமும் சிவந்திருந்தால் அது சரியாக வேகாத மண், போன வருடம் வாங்கிய பானையிலும் அப்படி இருக்கும்.

ஆனால் நிறத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. பழைய முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூர் பக்கத்தில்தானே வயல் என்று 3,000 வருடக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த வகைப் பானை இரும்புக் காலத்திலும் இருந்தது, அப்புறம் சங்க காலத்திலும் புழங்கியது.

இனி தேய்க்க வேண்டாம், கீறல் குறி ஏதும் இருந்தால் அழிந்துவிடும். கிடைத்த இடத்தையும் படம் எடுத்து, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். தாழியின், அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானையின், வாய் ஏதாவது தெரிந்தால் உழவை நிறுத்திவிட்டு விஏஓவிடம் சொல்லுங்கள், நீங்களே தோண்டாதீர்கள்.