முதலாண்டு பிசினஸ் கம்ப்யூட்டிங் பாடத்தில் எதற்கு மதிப்பெண் போடுகிறார்கள்?

கேள்வி: "கல்லூரி முதலாண்டில் பிசினஸ் கம்ப்யூட்டிங் என்று ஒரு பாடம் இருக்கிறது. எக்செல், வேர்டு எல்லாம் பள்ளியிலேயே பழக்கம். பெரிதாக மெனக்கெடாமல் ஏ கிரேடு வாங்கிவிடலாமா? மதிப்பெண் எதை வைத்துப் போடுகிறார்கள்?"

இந்தப் பாடத்தை நடத்துகிறேன், மாணவர்கள் அனுப்பும் ஃபைல்களையும் நானேதான் திருத்துகிறேன். திருத்துகிறவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எக்செல் ஏற்கெனவே தெரியும் என்று வருகிறவர்கள்தான் முதல் அசைன்மென்ட் மதிப்பெண்ணைப் பார்த்து அதிகம் திகைக்கிறார்கள். "விடை சரியாகத்தானே இருக்கிறது, ஏன் பத்துக்கு நாலு?" என்று கேட்பார்கள். விடை சரிதான். ஆனால் நான் ஃபைலைத் திறந்ததும் முதலில் பார்ப்பது விடையை அல்ல. உள்ளீட்டு எண் ஒன்றை மாற்றிப் பார்ப்பேன். விற்பனைப் பட்டியலில் வரி விகிதம் 18 சதவீதம் என்று இருந்தால் அதை 12 ஆக்குவேன். கீழே எல்லா வரிசையும் மொத்தமும் உடனே மாற வேண்டும். பாதி வரிசை மாறி, மீதி அப்படியே நின்றால், அங்கே யாரோ ஃபார்முலாவுக்குள்ளேயே 0.18 என்று அடித்திருக்கிறார்கள், அல்லது கால்குலேட்டரில் போட்ட விடையைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஷீட் இன்றைக்கு மட்டும் சரி. வரி மாறிய நாளில் அது தப்பு, அதுவும் யாருக்கும் தெரியாமல் தப்பு.

நான் பத்து மதிப்பெண் கணக்கை இப்படிப் பிரிக்கிறேன்: விடைக்கு 3, ஃபார்முலா கட்டிய விதத்துக்கு 4, உள்ளீடுகளைத் தனியாகப் பெயரிட்டு வைத்ததற்கு 2, படிக்கிற மாதிரி இருப்பதற்கு 1. ஒவ்வொரு ஆசிரியருக்கும் இந்த விகிதம் வேறுபடும். ஆனால் விடைக்கு மட்டுமே முழு மதிப்பெண் தருகிறவர்கள் குறைவு. செல் பெயரில் டாலர் குறி (ஃபார்முலாவை நகலெடுக்கும்போது அந்தச் செல் மாறாமல் பூட்டும் குறி) எப்போது போட வேண்டும், எப்போது கூடாது என்பது கைக்கு வந்துவிட்டாலே அந்த 4-ல் பெரும்பகுதி உங்களுடையது.

அடுத்து, வந்த எண் நம்பும்படி இருக்கிறதா என்று நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு லட்சம் கடன், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 24 மாதத் தவணை. மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? தவணையைக் கணக்கிடும் பிஎம்டி (PMT) ஃபார்முலாவில் வட்டியை 12-ஆல் வகுத்து மாத வட்டியாகக் கொடுத்தால் சுமார் 4,707 வரும். வகுக்க மறந்து ஆண்டு வட்டியையே கொடுத்துவிட்டால் 12,846 வரும். எக்செல் எந்த எச்சரிக்கையும் காட்டாது, அதற்கு இரண்டும் ஒன்றுதான். மாதம் 12,846 என்றால் இரண்டு ஆண்டில் மூன்று லட்சத்துக்கு மேல் கட்டுகிறோம். ஒரு லட்சம் வாங்கி, 12 சதவீத வட்டிக்கு மூன்று லட்சமா? இந்தக் கேள்வி தோன்றாமல், அழகாகப் பார்டர் போட்டு, இரண்டு தசம இடத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் இதைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருக்கிறது. பிசினஸ் என்ற சொல் பாடத்தின் பெயரில் இருப்பதே இதற்காகத்தான்.

இவ்வளவு கறார் தேவையா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு நிஜ நிகழ்வு. 2010-ல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார அறிஞர்கள் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அரசுகளின் சிக்கன நடவடிக்கைகளை ஆதரித்தவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், ஒரு பாடத்தின் அசைன்மென்டுக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. அசல் எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி எடுத்த ஃபார்முலா 30-வது வரிசையிலிருந்து 49 வரை போக வேண்டியது, 44-லேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, கனடா உட்பட ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. அவரும் அவருடைய ஆசிரியர்களும் 2013-ல் இதை வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் அவர்கள் காட்டிய குறைகளில் இந்த ஃபார்முலாப் பிழை ஒன்று மட்டுமே, அதுவே பெரியதும் அல்ல. ஆனால் அது யார் ஷீட்டிலும் வரக்கூடிய பிழை. ஃபார்முலா செல்லில் இரண்டு முறை சொடுக்கினால் எந்த வரிசை வரை எடுத்திருக்கிறது என்று வண்ணக் கட்டம் போட்டுக் காட்டும். சில விநாடி வேலை, அனுப்பும் முன் செய்துவிடுங்கள்.

சரி, கிரேடு விஷயத்துக்கு வருகிறேன். அடிக்கடி வரும் ஒரு சண்டை இது: "என் மொத்தம் 90 என்று ஷீட்டே காட்டுகிறது, பக்கத்துச் செல்லில் பி கிரேடு என்று வருகிறது." செல்லில் உண்மையில் இருப்பது 89.6. தசமம் வேண்டாம் என்று ஃபார்மட் செய்ததால் கண்ணுக்கு 90 தெரிகிறது. மதிப்பெண்ணைப் பட்டியலில் தேடி கிரேடை எடுத்துத் தரும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலா கண்ணுக்குத் தெரிவதை எடுக்காது, உள்ளே இருப்பதை எடுக்கும். ஏ-க்கு எல்லை 90, பி-க்கு 80 என்றால், 89.6-க்குக் கீழே உள்ள எல்லை 80, ஆகவே பி. ரவுண்ட் ஃபார்முலா போட்டு முழு எண்ணாக்கினால்தான் ஏ வரும். அப்படி முழு எண்ணாக்குவார்களா என்பது எக்செல் சார்ந்தது அல்ல, பாடத்தின் விதி. முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் அது கெஞ்சுவது போல ஆகிவிடும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, சிலபஸில் உள்ள வெயிட்டேஜை ஒரு ஷீட்டில் ஏற்றுவது. உதாரணத்துக்கு அசைன்மென்ட் 25, இடைத்தேர்வு 20, புராஜெக்ட் 20, இறுதித் தேர்வு 35 சதவீதம் என்று வைப்போம். அசைன்மென்டில் 92, இடைத்தேர்வில் 74, புராஜெக்டில் 85 வாங்கியிருக்கிறீர்கள். 23, 14.8, 17 சேர்த்தால் 54.8. மொத்தம் 80 வேண்டுமென்றால் மீதி 25.2, அதாவது இறுதித் தேர்வில் 72 எடுத்தால் போதும். மொத்தம் 90 வேண்டுமென்றால் 35.2 தேவை, இருப்பதே 35. நூற்றுக்கு நூறு எடுத்தாலும் முடியாது! இதை இறுதித் தேர்வு முடிந்த பிறகு தெரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். அதே ஷீட்டில் இன்னொன்றும் தெரியும்: பத்து அசைன்மென்டில் ஒன்றை அனுப்பாமல் விட்டால் மொத்தத்தில் 2.5 போகிறது. பி-யும் ஏ-யும் பிரிகிற இடத்தில் அது பெரிய தொகை. அரைகுறையாக இருந்தாலும் அனுப்புங்கள். பாதி செய்த ஃபைலுக்குப் பாதியாவது போட முடியும், வராத ஃபைலுக்கு நான் என்ன போடுவது?

வேர்டு, பவர்பாயிண்ட் பகுதிகளில் பெரிய ஆபத்து இல்லை. தலைப்புகளுக்கு ஸ்டைல் பயன்படுத்துங்கள், பக்க எண்ணைக் கையால் அடிக்காதீர்கள், அவ்வளவுதான். டேட்டாபேஸ் பகுதி வேறு மாதிரி, பள்ளிப் பழக்கம் அங்கே உதவாது. வாடிக்கையாளர் பெயரையும் முகவரியையும் ஒவ்வொரு ஆர்டரிலும் திரும்பத் திரும்ப எழுதி ஒரே பெரிய டேபிளாகக் கொண்டுவருகிறார்கள். முகவரி மாறினால் எத்தனை இடத்தில் திருத்துவது? வாடிக்கையாளர் ஒரு டேபிள், ஆர்டர் ஒரு டேபிள், இரண்டையும் இணைக்க ஓர் எண். அப்புறம் ஃபோன் எண்ணை எண்ணாகச் சேமித்தால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் காணாமல் போகும், அதை டெக்ஸ்ட் ஆக வையுங்கள். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது கணக்குக்கான எண் அல்ல.

சில கல்லூரிகளில் மென்பொருளே திருத்தும். அது மனிதரைப் போல "சரி, புரிந்தது" என்று விட்டுக்கொடுக்காது. டி5 செல்லில் போடச் சொன்னதை ஈ5-ல் போட்டால் பூஜ்ஜியம். ஷீட் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அப்படித்தான். கேள்வித்தாளை இரண்டு முறை படிக்கும் பழக்கம் அங்கே நேரடியாக மதிப்பெண்ணாகிறது.

நண்பரின் ஃபைலை வாங்கிப் பெயர் மாற்றி அனுப்புவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஃபைலுக்குள் உருவாக்கியவர் பெயர், கடைசியாகச் சேமித்தவர் பெயர் எல்லாம் பதிவாகியிருக்கும். அதைவிட எளிதில் காட்டிக்கொடுப்பது பிழை. சரியான விடை இரண்டு பேருக்கு ஒன்றாக வரலாம், ஒரே விசித்திரமான பிழை ஒரே செல்லில் இரண்டு பேருக்கும் வராது. ஏஐ கருவிகளிடம் ஃபார்முலா கேட்பதை நான் தடுப்பதில்லை, சில ஆசிரியர்கள் தடுப்பார்கள், சிலபஸைப் பாருங்கள். ஆனால் என் வகுப்பில் புராஜெக்டுக்கு நேர்முகம் உண்டு. விலுக்கப் போட்ட ஏதாவது ஒரு செல்லைக் காட்டி, "இந்த ஃபார்முலாவில் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று ஏன் இருக்கிறது?" என்பேன். துல்லியமாகப் பொருந்தினால் மட்டும் எடு என்று சொல்வதற்காக. அந்த இடத்தைக் காலியாக விட்டால் எக்செல் தோராயப் பொருத்தத்துக்குப் போய்விடும், வரிசைப்படுத்தாத பட்டியலில் தவறான விலையைக் கொண்டுவந்து வைத்துவிடும். கிரேடு எல்லைகளுக்கு மட்டும் அந்தத் தோராயப் பொருத்தமே வேண்டும். இதை விளக்கத் தெரிந்தவர் அந்த ஃபார்முலாவை எங்கிருந்து எடுத்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமே இல்லை.

ஆக, ஏ வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். வாரம் நாலைந்து மணி நேரம் ஷீட்டைத் திறந்து கை பழக வேண்டும். பள்ளியில் கற்றது வேகத்துக்கு உதவும், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

மதிப்பெண் குறைந்ததாகத் தோன்றினால் மறுமதிப்பீடு கேட்கத் தயங்க வேண்டாம். "எல்லாம் சரியாகத்தான் செய்தேன்" என்று எழுதுவதைவிட, "மூன்றாவது கேள்வி, எஃப்12 செல், வரி விகிதத்தைத் தனிச் செல்லில்தான் வைத்திருக்கிறேன், அதற்கான 2 மதிப்பெண் விடுபட்டிருக்கிறது" என்று எழுதுங்கள். அப்படி வரும் மெயிலை நான் உடனே திறந்து பார்ப்பேன், மாற்ற வேண்டியிருந்தால் அன்றே மாற்றிவிடுவேன்.