செடிக்கு மூடாக்காக, அதாவது செடியைச் சுற்றி மண்ணை மூடும் பரப்பாக, கண்ணாடித் துண்டுகளைப் போடலாமா? கையைக் கிழிக்காதா?

முறையாக உருட்டியதாக இருந்தால் கிழிக்காது. பழைய பாட்டில்களை உடைத்து, தண்ணீரும் மணலும் சேர்த்து, சுழலும் உருளையில் மணிக்கணக்கில் ஓடவிடுவார்கள். ஒன்றோடொன்று உரசி விளிம்பெல்லாம் மழுங்கிவிடும். கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் கடற்கரையில் 1967 வரை கொட்டிய குப்பையில் கிடந்த கண்ணாடியைக் கடலலையே இப்படி உருட்டிக் கூழாங்கல் போல ஆக்கிவிட்டது. வாங்கும்போது சில துண்டுகளை எடுத்து விளிம்பை மெதுவாகத் தடவிப் பாருங்கள். கூர்முனை தட்டுப்பட்டால் வேண்டாம். வீட்டிலேயே பாட்டிலைச் சுத்தியலால் உடைத்துப் போடுவது கூடவே கூடாது.

வெயிலில் நிறம் வெளுக்குமோ என்ற கவலை வேண்டாம். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்கு இரும்பு அல்லது குரோமியம் என்று நிறம் கண்ணாடிக்குள்ளேயே கலந்திருக்கிறது. மேலே சாயம் பூசியதுதான் உரியும்.

வைக்கோலும் சருகும் மட்கி உரமாகும். கண்ணாடி மண்ணுக்கு எதுவும் தராது. ஈரம் காக்கும், களையைக் குறைக்கும், அவ்வளவுதான். அதனால் காய்கறிப் பாத்திக்கு நான் சொல்ல மாட்டேன். கள்ளி, கற்றாழை, அடீனியம் தொட்டிகளுக்கு அருமையாகப் பொருந்தும்.

தரையில் பரப்புவதானால் அடியில் தண்ணீர் இறங்கும் களைத்தடுப்புத் துணி விரியுங்கள். இல்லாவிட்டால் மழையில் துண்டுகள் மண்ணுக்குள் புதைந்துவிடும், அப்புறம் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு. 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 70 கிலோ பிடிக்கும். மாடித்தோட்டம் என்றால் இந்த எடையை யோசியுங்கள். வேப்பமரத்தடியில் மட்டும் வேண்டாம். இடுக்கில் சிக்கும் சருகு துடைப்பத்துக்கு வராது, கையால்தான் எடுக்க வேண்டும்.