சுவரில் தலையை அழுத்தி நிற்கும் கன்று

கேள்வி: இறைச்சிக்காக வளர்க்கும் கன்றுகளில் ஐந்து மாதமான ஒன்று, தானியம் மிகுந்த அடர்தீவனத்தைக் கூட்டிய சில நாட்களில் கண் தெரியாததுபோல் தடுமாறி, சுவரில் தலையை அழுத்தியபடி நிற்கிறது. காய்ச்சல் இல்லை. இது வெறிநோயா?

பதில்: வெறிநோய் இல்லை என்று உறுதியாகும்வரை கன்றின் வாய்க்குள் கையை விடாதீர்கள், இதை முதலில் சொல்வது என் கடமை. ஆயினும் நீங்கள் கூறும் வயதையும் தீவன மாற்றத்தையும் பார்க்கையில், தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைவால் மூளையின் மேலடுக்கான புறணி மென்மையாகிச் சிதையும் நோயையே நான் பெரிதும் சந்தேகிக்கிறேன். அசைபோடும் கன்றின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகளே தயமினை உண்டாக்குகின்றன. தானியம் திடீரென மிகும்போது அங்கு அமிலம் கூடி, அந்த வைட்டமினை அழிக்கும் நொதியைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் பெருகிவிடுகின்றன. தண்ணீரிலோ தீவனத்திலோ கந்தகம் மிகுந்தாலும் இதே மூளைச்சிதைவு நேரும். இந்நோயில் கண்மணி பெரும்பாலும் வெளிச்சத்துக்குச் சுருங்கும், ஆனால் கன்றுக்குப் பார்வை இராது.

கால்நடை மருத்துவரை இன்றே அழையுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவில் அவர் தயமின் ஊசியைத் தொடங்கித் திரும்பத் திரும்பச் செலுத்தினால், தொடக்கநிலைக் கன்று பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தேறத் தொடங்கும். தாமதித்தால் பார்வை திரும்பாமலே போகலாம். பழைய பேட்டரியையோ பெயின்ட்டையோ நக்கியதால் வரும் ஈய நஞ்சும் ஏறக்குறைய இப்படியே தோன்றுவதால், ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். மற்றக் கன்றுகளுக்குத் தானியத்தைக் குறைத்து நார்த்தீவனத்தைக் கூட்டுங்கள்.