மன்னார் வளைகுடாவுக்குக் குழுவாகப் போகிறீர்களா? காற்றைக் கேட்டுத் தேதி குறியுங்கள்

கேள்வி: திருச்சியில் ஒரே குடியிருப்பில் இருக்கும் 26 பேர் சேர்ந்து மூன்று நாள் பயணம் போக நினைக்கிறோம். அறுபதைத் தாண்டியவர்கள் 7 பேர், பத்து வயதுக்குக் கீழே 5 பேர். ராமேசுவரம் தீவையும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவையும் வழிகாட்டியோடு பார்க்க ஆசை. ஒரு ஏற்பாட்டாளர், "முயல் தீவு உட்பட மூன்று தீவுகள், பவளப்பாறை நீச்சல், ஒரு இரவு தீவில் கூடாரம்" என்று திட்டம் அனுப்பியிருக்கிறார். டிசம்பர் விடுமுறையில் போகலாமா, மே மாதம் நல்லதா? இந்தத் திட்டத்தை நம்பலாமா? வயதானவர்களைப் படகில் ஏற்றலாமா?

பதில்: மாதத்தை முதலில் முடிவு செய்வோம். நீங்கள் கேட்ட இரண்டு மாதமும் வேண்டாம்.

ராமேசுவரம் இருக்கும் பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் தெற்குக் கடலை ஆண்கடல் என்பார்கள், வடக்குக் கடலைப் பெண்கடல் என்பார்கள். ஒன்று சீறும், மற்றது அடங்கிக் கிடக்கும் என்பது கணக்கு. ஆனால் அந்தப் பெயர் பாதி வருடத்துக்குத்தான் பொருந்தும். மே வாக்கில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம் மாதிரி இருக்கும். வடகிழக்குப் பருவம் தொடங்கி வாடை வீசினால் நிலைமை தலைகீழ். தேசியப் பூங்காவின் தீவுகள் எல்லாமே தெற்குக் கடலில் இருக்கின்றன. அதனால் மே மாதம் போனால், திட்டத்தில் எழுதியிருக்கும் படகுப் பயணம் பெரும்பாலும் தாளிலேயே நின்றுவிடும். தனுஷ்கோடியில் மணல் பறந்து முகத்தில் அடிப்பது தனிக்கதை.

டிசம்பரில் காற்று ஒருவேளை ஒத்துவரலாம். புயல் சின்னம் ஒத்துவராது. வங்கக்கடலில் எங்கோ ஒரு தாழ்வு மண்டலம் உருவானாலே படகுகளை நிறுத்திவிடுவார்கள், நிறுத்துவதுதான் சரி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில்தான் தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அந்தக் கரையில் இருப்பவர்கள் டிசம்பர் கடலை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய உள்ள நாட்கள்தான் உங்களுக்கு. கடல் அடங்கியிருக்கும், தண்ணீர் தெளியும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். அதற்குள்ளும் தை அமாவாசையையும் மகா சிவராத்திரியையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது, அறை வாடகை ஏறும், பேருந்து நிறுத்த ஊருக்கு வெளியே வெகுதூரம் போகவேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் விடுப்பு எடுத்து, பிப்ரவரி நடுவில் அந்த நாட்கள் படாத ஒரு வார இறுதியைப் பிடிப்பதுதான் என் யோசனை.

அடுத்து ஏற்பாட்டாளரின் திட்டம். இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் கோபமும் வந்தது.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து, சுமார் 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 21 என்பது ஏட்டுக் கணக்கு. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அந்தக் காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாதபோது மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்?

பூங்காவைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டரில் உயிர்க்கோளக் காப்பகம் என்று வேறொன்று இருக்கிறது. இது 1989-ல் வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். காப்பகத்துக்குள் கிராமங்கள் இருக்கின்றன, மீன்பிடித் தொழில் நடக்கிறது, நீங்களும் நானும் தாராளமாகப் போகலாம். பூங்கா அப்படியல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் கால் வைப்பதே குற்றம். இரவு கூடாரம் போட்டுத் தங்குவது உல்லாசப் பயணிகளுக்கு நடக்கிற காரியமே இல்லை. அந்த ஒரு வரியைத் திட்டத்தில் பார்த்ததுமே நீங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

முயல் தீவில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இந்தக் கரையில் அந்தப் பெயரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று மண்டபம் என்ற ஊருக்கு எதிரே, பூங்காவுக்குள் இருக்கும் தீவு. மற்றொன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பேருந்திலேயே போய் இறங்கக்கூடிய கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சோறு கட்டிக்கொண்டு போகிற இடம் அது. பெயரை மட்டும் போட்டுப் பணம் வாங்கிவிட்டு எந்த முயலைக் காட்டுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் ஒரு குழுவோடு சும்மா துணைக்குப் போயிருந்தேன். மூன்று தீவு என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். ஒரு மீன்பிடி வல்லத்தில் ஏற்றி, கரையிலிருந்து கொஞ்ச தூரம் போய், "அதோ தெரியுது பாருங்க, அதுதான் தீவு" என்று கையைக் காட்டிவிட்டுத் திருப்பிவிட்டார்கள். பதினெட்டுப் பேருக்கு ஆறு லைஃப் ஜாக்கெட். அன்றிலிருந்து எந்த ஏற்பாட்டாளரிடமும் நான் விலையைக் கடைசியில்தான் கேட்கிறேன்.

முதல் கேள்வி, எந்தத் தீவு, எந்தத் துறையிலிருந்து படகு கிளம்பும் என்பது. அனுமதி யார் பெயரில், எந்தத் தேதிக்கு என்பது அடுத்தது. அந்தத் தாளின் நகலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ராமநாதபுரத்தில் உள்ள வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் நேரடியாகக் கேட்கலாம். பூங்காவுக்குப் பொறுப்பு அவர்கள்தான். குழந்தைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் அது கழுத்து வழியாக உருவிக்கொண்டு போய்விடும். கடைசியாக, காற்றால் படகு போகாவிட்டால் பணம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு "அதெல்லாம் போகும் சார்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சரி, எதைத்தான் பார்ப்பது? ஒரே ஒரு தீவு போதும் என்பேன். பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகால் துறையிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை சூழல் சுற்றுலாப் படகு விடுகிறது. கட்டணத்தையும் நேரத்தையும் கிளம்பும் வாரத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இவை மாறும். 26 பேரையும் ஒரே நடையில் ஏற்ற முயல வேண்டாம். இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் தலை எண்ணுவதற்கு ஒருவரை வைத்துவிடுங்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் எண்ணட்டும். முதல் குழு கடலில் இருக்கும்போது மற்றவர்கள் குந்துகாலில் இருக்கும் விவேகானந்தர் நினைவிடத்தைப் பார்க்கலாம். மேல்நாட்டுப் பயணம் முடித்து 1897 ஜனவரி 26 அன்று அவர் வந்து இறங்கிய கரை அது.

குருசடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மலை, அருவி, நீலக்கடல் விளம்பரப்படம் என்று மனதில் ஏதாவது இருந்தால் அழித்துவிடுங்கள். தாழ்வான மணல் தீவு, ஓரத்தில் அலையாத்தி மரங்கள், கரையெல்லாம் பவளத் துண்டுகள். "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வழிகாட்டி இல்லாமல் போனால் உண்மையிலேயே இவ்வளவுதான். கடல் வத்தியிருக்கும் நேரத்தில், விஷயம் தெரிந்த ஒருவர் முழங்கால் தண்ணீரில் குனிந்து காட்டும்போதுதான் தீவு திறக்கும். விலங்கியல் படித்தவர்கள் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் பலனோகுளோசஸ் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். பாடப்புத்தகத்தில் படம் வரைந்த அந்தப் புழு வாழும் இடம் குருசடை. பல தலைமுறை மாணவர்கள் அதற்காகவே இங்கே வந்துபோனார்கள்.

நல்லதை மட்டும் காட்டாமல் கெட்டதையும் காட்டச் சொல்லுங்கள். வணிகத்துக்காகக் கொண்டுவந்து வளர்த்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடல்பாசி இந்தப் பகுதியில் பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்து அதை மூச்சுமுட்டச் செய்கிறது. 2016-ல் கடல் சூடேறியபோது பவளங்கள் வெளுத்துப்போனதையும் வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆவுளியாவைப் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கடல்பசு என்றும் சொல்கிற அந்தப் பிராணியை இங்கேயே காலம் முழுக்கத் தொழில் செய்பவர்களே எப்போதாவதுதான் பார்க்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

பவளப்பாறை நீச்சல் வேண்டாம். பூங்கா எல்லைக்குள் அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது என்பது ஒரு பக்கம். முதல்முறை நீந்துகிறவர் தடுமாறினால் காலை ஊன்றுவது பவளத்தின் மேல்தான், அது உயிருள்ள பிராணி என்பது இன்னொரு பக்கம். கரையில் கிடக்கும் செத்த பவளத்தையும் எடுக்கக்கூடாது. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குப் பக்கத்தில் பவளமும் இருக்கிறது, செத்ததா உயிருள்ளதா என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை எங்கள் குழுவில் ஒரு பையன் விரல் நீளத் துண்டு ஒன்றைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். துறையில் அதைக் கண்டுபிடித்து, விளக்கம் சொல்லி, எழுதிக்கொடுத்து வெளியே வருவதற்குள் மதியச் சாப்பாடு போய்விட்டது. கடைகளில் யாராவது பவளத்தை நீட்டினாலும் வாங்காதீர்கள்.

வயதானவர்கள் தாராளமாக வரலாம். பிப்ரவரிக் கடலில் குலுக்கல் பெரிதாக இருக்காது. சிக்கல் படகில் ஏறி இறங்கும் அந்த ஒரு அடியில்தான். மூட்டுவலி உள்ளவர்கள் கையில் பை இல்லாமல், இரண்டு பேர் பிடிக்க ஏறட்டும். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், வழுக்காத செருப்பு அவசியம். காலையில் இரண்டு இட்லி போதும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படகில் ஏறினால்தான் குமட்டும். பயண வாந்தி மாத்திரை வேண்டுமென்றால் அவரவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும், இரத்த அழுத்த மாத்திரையோடு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். தீவில் குடிதண்ணீர் கிடைக்காது, நிழலும் குறைவு. எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பையோ பாட்டிலோ வேண்டாம்.

மூன்று நாளைப் பிரிப்பதில் ஒரே விதி: கடல் பயணத்தை இரண்டாம் நாள் காலையில் வையுங்கள், மூன்றாம் நாள் காலையைக் கையிருப்பாக விட்டுவிடுங்கள். காற்று ஒருநாள் ஏமாற்றினாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கும். பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் கடலைக் கடைசி நாளுக்குத் தள்ளுவார்கள், அது அவர்களுக்கு வசதி.

முதல் நாள் பாம்பன் பாலம் தாண்டியதும் தனுஷ்கோடி. 1914-ன் பழைய பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்கலாம். ஓட்டுநரிடம் சாலைப் பாலத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். போகும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் நீர் தேங்கிய இடங்களில் பூநாரைகள் நிற்கும் காலம் அது. 2025-ல் அந்தப் பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். சாலையோரத்தில் நின்றே பாருங்கள், சேற்றில் இறங்கிக் கிட்டே போனால் பறந்துவிடும். தனுஷ்கோடிக்கு அப்பால் சாலை முடியும் அரிச்சல்முனையில் யாரும் குளிக்கக்கூடாது, கணுக்கால் நனைப்பதோடு சரி. இரண்டு கடலும் சேரும் இடம் என்பதால் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இழுக்கும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். அந்த முனையில் செல்போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வது உண்டு, ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

பாம்பன் பக்கம், கண்ணில் நீச்சல் கண்ணாடியும் கையில் சாக்குமாகக் கடலில் இறங்கும் பெண்களைப் பார்க்க வாய்ப்புண்டு. பாசி எடுப்பவர்கள். பூங்கா வந்தபிறகு தாங்கள் தலைமுறையாகப் போன தீவுகளுக்கே போகமுடியாமல் ஆனவர்கள் இவர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் கையிருப்புக் காலை தேவைப்படவில்லை என்றால் திருச்சிக்கு நேர்வழியில் திரும்ப வேண்டாம். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டிச் சாலையைப் பிடித்தால் வழியில் காரங்காடு வரும். அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள், ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துவது. வடக்குக் கடல் ஓரம் என்பதால் குருசடைக்குப் போகமுடியாத நாளிலும் இங்கே பெரும்பாலும் படகு ஓடும். குருசடையில் ஏற வேண்டாம் என்று நினைக்கும் பெரியவர்களுக்கும் இதுவே போதும். அங்கே கிளம்புவதற்கு முன்னும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.