குர்ஸ்க் பான்சர் 4: பச்சைப் பட்டையும் தேங்கிய வாஷும்

வணக்கம். 1943-இல் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் மோதிய குர்ஸ்க் போரை மேசைமேல் ஆடும் ஆட்டத்துக்காக, நூறில் ஒரு பங்கு (1/100) அளவிலான பான்சர் 4 என்ற ஜெர்மன் டாங்கி மாடலைத் தீட்டியதாகவும், மஞ்சள் மேல் போட்ட பச்சைப் பட்டைகள் பொம்மை போலத் தெரிவதாகவும், கறுப்பு வாஷ் (இடுக்குகளில் நிழல் காட்டப் பூசும் நீர்த்த பெயிண்ட்) திட்டுத் திட்டாகத் தேங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். பெயிண்டை உரிக்க வேண்டாம். நிறத் தேர்வு சரியானதுதான்.

1943 பிப்ரவரியில் ஜெர்மானியர்கள் அடர்சாம்பலை விட்டு அடர்மஞ்சளுக்கு மாறினார்கள். அதன் மேல் மறைப்பு வண்ணமாகப் பூசும் பச்சையும் செம்பழுப்பும் டப்பாவில் கெட்டிப் பசையாக வரும். டாங்கிக் குழுவினரே அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்தார்கள். நீர்த்த இடங்களில் அடியிலுள்ள மஞ்சள் தெரியும். உங்கள் பட்டைகளுக்குக் கத்தி வைத்து வெட்டியது போன்ற ஓரம், அதுதான் உறுத்துகிறது. பச்சையோடு அந்த மஞ்சளையே பாதிக்குப் பாதி கலந்து, சின்ன ஸ்பாஞ்சுத் துண்டால் ஓரங்களில் மட்டும் லேசாக ஒற்றுங்கள். இவ்வளவு சிறிய மாடலில் அசல் நிறம் எப்போதும் இருண்டு தெரியும். தயங்காமல் வெளுப்பாக்குங்கள்.

வாஷ் தேங்கியது, மேட் (பளபளப்பில்லாத) பரப்பு முழுக்கப் பூசியதால். கறைகளை மஞ்சளால் மூடி, க்ளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒரு கோட் கொடுத்து, மறுநாள் வரை காயவிடுங்கள். பிறகு மெல்லிய தூரிகையால் அடர்பழுப்பு வாஷை இடுக்குகளிலும் போல்ட் தலைகளைச் சுற்றியும் மட்டும் தொடுங்கள். கறுப்பு வேண்டவே வேண்டாம், மஞ்சளை அழுக்காக்கிவிடும். முடிவில் மேட் வார்னிஷ்.

இன்னொன்று: பக்கவாட்டுத் தகடுகளில் ஒன்றிரண்டை ஒட்டாமல் விடலாம். மெல்லிய தகடுகள் அவை, களத்தில் அடிக்கடி கழன்று விழுந்தன. மாடலுக்கு உடனே உயிர் வரும்.