வாசிக்க ஆளும் இல்லை, காசும் இல்லை. பிறகு ஏன் இன்னும் கதை எழுதுகிறீர்கள்?

கேட்டவர் தானும் ஒரு நாவலைத் தொடங்கிப் பாதியில் விட்டவராக இருக்க வேண்டும். சும்மா வேடிக்கை பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியில் இவ்வளவு கோபம் வராது. அந்தக் கோபம் எனக்கும் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். நான் இலங்கையின் வடக்கே, வன்னியில், கிளிநொச்சிப் பக்கம். பகலில் கணக்கெழுதும் வேலை, இரவில் சிறுகதை.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் எழுதியவரேதான் அச்சகத்துக்குக் காசு கட்டுவார். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த நேரம் ஏறிய அச்சுக்கூலி எனக்குத் தெரிந்த எந்த அச்சகத்திலும் பழைய விலைக்கு இறங்கவில்லை. போட்ட காசு திரும்பி வராது என்று தெரிந்தேதான் போடுகிறோம்.

எழுதியது தொலைவதும் எங்களுக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் நாங்கள். 2008 கடைசியில் போர் நெருங்கி, கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது கதைக் கொப்பிகளை உரப்பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று நகர நகர மூட்டைகள் குறைந்தன. மாத்தளனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கொப்பி ஒன்றும் கையில் இல்லை. பிறகு இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் பேனை கிடைத்ததும் நான் எழுதியது, காட்டில் பாலைப்பழம் பொறுக்கப் போய்ச் சண்டை பிடித்துக்கொண்ட அக்கா தங்கை கதை. பக்கத்துக் கூடாரத்துப் பெண் வாசித்துவிட்டு, பாலைப்பழம் சாப்பிட்டால் உதடு ஒட்டுமே, அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். சில வருடங்களுக்கு முன் தண்ணீர் முறை பற்றி ஒரு கதை எழுதினேன். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: இரணைமடுக் குளத்தை நம்பித்தான் எங்கள் சிறுபோகம், அதாவது மழையில்லாக் கால நெல். மழையோடு செய்யும் பெரும்போகம் போல இல்லை, குளத்தில் எவ்வளவு நிற்கிறதோ அதைப் பார்த்து, கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கர்தான் என்று பிரிப்பார்கள். துருசு, அதாவது குளத்து மதகு, திறந்த பிறகும் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர். இரவில் மேல் வயற்காரர் பலகையைப் போட்டு மறித்தால் கீழே உள்ளவருக்கு இல்லை. என் கதையில் ஒரு பெண், புருஷன் டோகாவில், தனியே மண்வெட்டியும் டோர்ச்சுமாக வரம்பில் விடியும்வரை காவல் இருக்கிறாள். கடைசியில் அழுகிறாள். முழுக்க நானாக யோசித்தது.

அது ஒரு பத்திரிகையில் வந்து கொஞ்ச நாளில், எனக்கு முன்பின் தெரியாத ஒரு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். "பிள்ளை, என்ர கதையை ஆர் உனக்குச் சொன்னது?" ஒருவரும் சொல்லவில்லை, கற்பனை என்றேன். "அப்ப ஏன் அவளை அழ வச்சனி? தண்ணிக்குக் காவல் நிக்கிறவள் அழமாட்டாள். அழுதா தண்ணிச் சத்தம் கேளாது. மேல ஆரும் மறிச்சா சத்தம் மாறும், அதைக் கேட்டுக்கொண்டெல்லோ நிக்கவேணும்."

தேத்தண்ணி ஆறும்வரை வாதாடினோம். அந்தப் பெண் நீங்கள் இல்லை, அவளுக்கு அழுகை வந்தது என்று நான் சொன்னேன். அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நானும் முடிவை மாற்றவில்லை. ஆனால், இல்லாத ஒரு பெண்ணுக்காக ஒருவர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து சண்டை பிடிக்கிறார். நான் ஏன் எழுதுகிறேன் என்று இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

இதே கதையை முதலில் வேறொரு இதழுக்குத்தான் அனுப்பியிருந்தேன். பெயர் வேண்டாம். புருஷனைக் காணாமல் ஆக்கப்பட்டவராக மாற்றினால் போடலாம் என்று பதில் வந்தது. வன்னியிலிருந்து வரும் கதையில் அதை எதிர்பார்ப்பார்களாம். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. இங்கே கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கித் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு போராட்டம் இருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் நான் சந்தைக்குப் போவேன். அவர்கள் துயரத்தை என் கதை அச்சேறுவதற்காக ஒரு வரியில் செருகச் சொன்னால் எப்படி? மாற்ற மாட்டேன் என்று எழுதிவிட்டேன்.

உடனே சிலர் வருவார்கள், போரை மறக்கச் சொல்கிறாயா என்று. இல்லை. முள்ளிவாய்க்கால் பற்றியும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். கதைக்கு அது தேவைப்படும்போது எழுதுவேன், இதழ் கேட்கும்போது இல்லை. புலம்பெயர்ந்த வாசகர்களைக் குறை சொல்வதாகவும் எடுக்காதீர்கள். என் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நெடுநாளாக மனதில் கிடக்கிறது. எங்கள் வெளியீட்டு விழாக்கள். மங்கல விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, தலைமையுரை, பிறகு பிரதம விருந்தினர் ஒரு மணித்தியாலம். அவர் புத்தகத்தைத் திறந்ததே அன்றைக்கு மேடையில்தான். ஏற்புரைக்கு எழுந்தால், மண்டபத்தைப் பூட்ட வேண்டும், சுருக்கமாக முடியுங்கள் என்று துண்டுக் கடதாசி வருகிறது. சொந்தக் காசில் அடித்த புத்தகத்துக்கு இது மரியாதை இல்லை.

நீங்கள் அந்த நாவலை எழுதி முடியுங்கள். முதல் பிரதியை இதழாசிரியருக்கு அனுப்ப முன், கதை நடக்கிற ஊரில் வாயாடி ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். பிறகு வெளியீடு வைத்தால், பேசப் போகிறவருக்கு ஒரு மாதம் முன்பே புத்தகம் போகட்டும். வாசிக்காதவரை மேடையில் ஏற்றாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.