தேய்ந்துபோன லார்ஜ் சென்ட் எந்த அச்சில் அடித்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

1790களின் அமெரிக்க லார்ஜ் சென்ட் (அன்றைய பெரிய செப்பு ஒரு-சென்ட் காசு) ஆண்டுகூடப் படிக்க முடியாத அளவுக்கு வழவழப்பாகிவிட்டதா? பரவாயில்லை, பல நேரம் முடியும்.

அன்று பிலடெல்பியா நாணயச்சாலையில் எழுத்தையும் எண்ணையும் அச்சில் ஒவ்வொன்றாகக் கையால் அடித்துப் பதித்தார்கள். அதனால் இடைவெளி அச்சுக்கு அச்சு மாறும். தலைப்பக்கத்தை விடுங்கள், பூப்பக்கத்தைப் பாருங்கள். இலைமாலையின் எந்த நுனி எந்த எழுத்துக்கு நேரே நிற்கிறது, எந்தப் பக்கம் எத்தனை காய், கீழே 1/100 பின்னத்தின் கோடு எவ்வளவு நீளம்? இரண்டு மூன்று பொருந்தினாலே ஷெல்டன் எண்களில் (ஒவ்வோர் அச்சு ஜோடிக்கும் தரப்பட்ட பட்டியல் எண்கள்) பெரும்பாலானவை கழிந்துவிடும்.

விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துக் காசை மெல்லத் திருப்புங்கள். மேடான கோடு தெரிந்தால் அச்சில் விழுந்த விரிசல், அருமையான அடையாளம். பள்ளமாக இருந்தால் பிற்பாடு யாரோ கீறியது. புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்!

விளிம்பில், அதாவது காசின் பக்கவாட்டுத் தடிமனில், எழுத்து இருந்தால் 1795-க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. அந்த ஆண்டுதான் எடையை 13.48 கிராமிலிருந்து 10.89 ஆகக் குறைத்தார்கள்; காசு மெலிந்ததால் விளிம்பெழுத்தும் நின்றது. 1794-இல் ஓர் அச்சின் பூப்பக்க ஓரம் முழுக்க 94 குட்டி நட்சத்திரங்கள். தேய்ந்த காசில் நாலைந்து தெரிந்தாலே போதும், ஆள் மாட்டிக்கொண்டான்.